நல்லா இருக்குன்னு சொல்லிடாதீங்க

அவருடைய பாட்டு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு முகம் வெளுத்துவிடும். அடக்கம் காட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டே, இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்று காதை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் அந்த ரகம் இல்லை. இவருக்கு நிஜமாகவே பயம். மாடு முட்ட வந்தால் ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கிப் போவார்.

ஓசூரில் சந்தைக்குப் போகிற வழியில் மாவு மில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயில் பூசைக்கு ஆர்மோனியம் வாசிப்பார். லத்தீன் போய்த் தமிழில் பூசை வந்த புதிது அது. பாடுவதற்குத் தமிழ்ப் பாட்டுகள் போதாமல் இருந்தன. ஆகவே அவரே பாட்டுக் கட்டி, அவரே மெட்டும் போடுவார். நான் திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். பாட்டுக் குழுவில் முதல் குரல் என்னுடையது. மில்லை ஒட்டின வீட்டில்தான் குடியிருந்தோம். அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சர் என்பார். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் ஒரு பாராட்டு மாதிரி ஆகிவிடும், அவருக்குப் பிடிக்காது.

மில்லில் பெல்ட் ஓடும்போதுதான் பாட்டுக் கட்டுவார். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைப்பு. ராகிக் கூடையோடு நிற்கிற பெண்களுக்கு நன்றாகவே கேட்கும். தெலுங்கு பேசுகிறவள் ‘பாகுந்தி’ என்பாள். கன்னடத்துக்காரி ‘சென்னாகிதே’ என்பாள். இரண்டுக்கும் நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். உடனே சுவிட்சை அணைத்துவிடுவார். “கல்லு சூடாயிருச்சு, ஆறட்டும்” என்று சொல்லி வெளியே போய் நின்றுகொள்வார். புருவத்தில் மாவோடு அவர் வாசலில் நிற்க, உள்ளே அரைபடாத ராகியோடு பெண்கள் மூன்று பாஷையிலும் அவரைத் திட்டுவார்கள். திட்டு விழ விழ அவருக்குத் தெம்பு வரும். மறுபடியும் சுவிட்சைப் போடுவார்.

பூசை முடிந்ததும் முன்வாசல் வழியாக வரவே மாட்டார். பூசை உடுப்புகள் வைக்கிற அறையின் பின்கதவு வழியாகப் போய், சைக்கிளை எடுத்துக்கொண்டு மறைந்துவிடுவார். ஒரு முறை நான் முந்திக்கொண்டு போய்ப் பின்கதவில் நின்றேன். இன்றைக்குப் பாட்டு ரொம்பப் பிரமாதம் என்றேன்.

“அய்யய்யோ, மூணாவது அடியில சுதி எறங்கிடுச்சு டீச்சர். துருத்தியில வேற காத்து போவுது. நீங்க சரியாக் கேக்கலை” என்று சொல்லிக்கொண்டே சிலுவை போட்டுக்கொண்டார்.

குறை சொல்கிறவர்களுக்கோ ராஜ உபசாரம். ஞானோபதேசம் சொல்லித்தருகிற உபதேசியாருக்கு இவர் பாட்டு ஒன்றுகூடப் பிடிக்காது. ‘பாட்டா இது? சந்தையில ஏலம் போடற மாதிரி கெடக்குது’ என்று முகத்துக்கு நேராகவே சொல்வார். மில்லில் அவருக்கு மட்டும் நாற்காலி உண்டு. டீயும் பன்னும் வரும்.

ஏன் இப்படி என்று கேட்டேவிட்டேன். எனக்குப் பாராட்டு என்றால் கொள்ளை ஆசை, மறைப்பானேன். சனிக்கிழமை ஒத்திகையில் ஒருவர் தலையாட்டினால் போதும், அடுத்த சனி வரைக்கும் எனக்கு அது தாங்கும். ஆகவே இவரைப் புரியவில்லை.

“கொழந்தைய அழகா இருக்குன்னு ஒருத்தரு சொன்னா கன்னத்துல மை வெக்கறோம். பாட்டுக்கு எங்க டீச்சர் மை வெக்கறது?” என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பாட்டு நல்லதா கெட்டதா என்று அவர் தெரிந்துகொள்வது ஒரே ஒரு வாயிலிருந்துதான். அண்ணி வாயிலிருந்து. புதுப் பாட்டை முதலில் வீட்டில்தான் பாடிக்காட்டுவார். அண்ணி அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்பாள். பெரும்பாலும் ‘உப்புப் பத்தலை’ என்பாள். எப்போதாவது ‘தேவலாம்’ என்பாள். தேவலாம் என்று வந்தால் அந்தப் பாட்டு கோயிலுக்குப் போகும். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை, அவரும் எதிர்பார்த்ததில்லை. நான் பார்த்த தம்பதிகளில் ஒருவரையொருவர் அவ்வளவு நம்பினவர்கள் குறைவு.

அப்புறம் வந்தது அந்த அடக்கப் பாட்டு.

செத்தவர்களை அடக்கம் பண்ணுகிற பூசையையும் தமிழில் வைக்க வேண்டும், அதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்று பங்குச் சாமியார் இவரிடம் சொன்னார். “கல்யாணப் பாட்டு கேளுங்க சாமி, எத்தனை வேணும்னாலும் தர்றேன். இது வேணாம்” என்று பல மாதம் நழுவினார். சாமியார் விடவில்லை. கடைசியில் கோயில் மணி அடிக்கிற கிழவர் இறந்த அன்று காலையில், மில் ஓட ஓட, ஒரே மூச்சில் கட்டிக்கொண்டு வந்தார். சாவுப் பாட்டை வீட்டில் பாடக் கூடாது என்பதால் அண்ணிக்குப் பாடிக்காட்டவில்லை. வயிற்று வலி என்று அண்ணி அப்போதே கோயிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். அவள் கேட்காமல் கோயிலுக்குள் வந்த முதல் பாட்டு அதுதான்.

கதவைத் திறவும் ஆண்டவரே,
கால் வலிக்க நடந்து வந்தேன்,
விளக்கேற்றி வையும் ஆண்டவரே,
வீட்டுக்குத்தான் திரும்பி வந்தேன்.

இவ்வளவுதான் பல்லவி. பெட்டிக்குள் இருக்கிறவரே பாடுகிற மாதிரி. நான் பாட ஆரம்பித்ததும் கோயிலில் இருமல்கூட நின்றுவிட்டது. இரண்டாவது அடியில் மெட்டு நீளமாக இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் முன்வரிசையில் ஒருவர் வாய்விட்டு அழுதார். பிறகு எல்லாரும் அழுதார்கள். மணியடிக்கிற கிழவருக்கு உறவு என்று யாரும் கிடையாது. அப்படியும் அழுதார்கள்.

கல்லறை வாசலில், தப்பிக்க வழியில்லாமல், உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தவர் இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “எனக்கும் இதையேதான் பாடணும். சொல்லிட்டேன்” என்றார். ஒரு பாட்டுக்காரருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு என்ன இருக்கிறது? இவர் கையை உருவிக்கொண்டு ஓடிவந்துவிட்டார்.

மண்டிக்காரர் அடுத்த மாதமே மாரடைப்பில் போனார். பாடினோம். அவருடைய அடக்கத்தில் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அதே வார்த்தையைச் சொன்னார். மழைக்காலம் முடிவதற்குள் அவரும் போனார். மண்டிக்காரர் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஆள். கம்பவுண்டருக்குப் பல வருஷமாகக் காசநோய். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பயம் வந்தபிறகு தெரிந்தது எதுவும் உதவிக்கு வருவதில்லை. அந்தப் பாட்டைப் பாராட்டினால் அடுத்து நீதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அதற்கு ஊரே ஒரு பரிகாரமும் கண்டுபிடித்தது. அடக்கம் முடிந்ததும் கல்லறை வாசலில் ஒவ்வொருவராக வந்து இவரிடம் பாட்டைக் குறை சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். பாட்டு கேட்டு அழுதிருப்பார்கள். அந்தக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “சகிக்கலைங்க” என்பார்கள். “தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி இருக்குது” என்பார் ஒருத்தர். “சென்னாகில்லா” என்று சொல்லிவிட்டு ஓட்டமாகப் போவார் இன்னொருத்தர். குழந்தைகள் அந்த மெட்டை முணுமுணுத்தால் வாயில் அடி விழுந்தது. சாமியார் பிரசங்கத்தில் இது மூடநம்பிக்கை, பாவம் என்று சத்தம் போட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அவரும் பாட்டைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாமலேயே பிரசங்கத்தை முடித்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

முதலில் இவருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் கேட்டுவாங்கிக்கொண்ட மாதிரி ஊரே திட்டுகிறதே. போகப்போக ஆள் இளைக்க ஆரம்பித்தார். ஒரு நாள் இடைவேளையில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடிக்கு வந்து நின்றார்.

“எது நெசம்னு தெரியலை டீச்சர். பயத்துல நல்லா இல்லைங்கறாங்களா, நெசமாவே நல்லா இல்லையா? இனிமே ஆரும் எங்கிட்ட நெசம் சொல்ல மாட்டாங்க.”

நான் வாயைத் திறக்கப் போனேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

“நீங்க சொல்லிடாதீங்க. முழுகாம வேற இருக்கீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் பிரசவம், சின்ன வயசு, எதற்கும் சிரிப்பேன். ஆனால் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது யோசித்துப் பார்த்தேன். துணி மடிக்கும்போது ஏதாவது ஒரு பாட்டு என் வாயில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பாட்டு மட்டும் கொஞ்ச நாளாகவே வரவில்லை. நானே அறியாமல் அதைத் தள்ளி வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் என் வயிற்றிலும் பயம் வந்து உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்தது.

அண்ணியைப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அங்கே அடிவயிற்றில் கட்டி என்றார்கள். திறந்து பார்த்துவிட்டு, தைத்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். வந்ததிலிருந்து அவர் வீட்டில் பாட்டுப் பேச்சே கூடாது என்றாகிவிட்டது. ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். அண்ணி வாயைத் திறந்தாலே அவர் பதறுவதை நான் பார்த்தேன். என்ன சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஒரு மத்தியானம் அரிசிக்கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அண்ணி ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். கை குச்சியாக இருந்தது. வாய் மட்டும் பழைய வாய்தான்.

“டீச்சர், அந்தப் பாட்ட அவர ஒருவாட்டி பாடச் சொல்லு.”

வாசல்படியில் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஊரெல்லாம் கேட்டாச்சு. நான் மட்டும் கேக்கலை. பொட்டிக்குள்ள படுத்துட்டா எனக்கு என்னா கேக்கும்?” என்றாள்.

“வேணாம். அது வீட்டுல பாடற பாட்டில்லை” என்றார் அவர்.

“நான் ஒண்ணும் நல்லா இருக்குன்னு சொல்லிட மாட்டேன். எப்பவாவது சொல்லியிருக்கேனா?”

என்னைப் பார்த்தார். பரண்மேலிருந்து ஆர்மோனியத்தை இறக்கினார். இறக்கும்போது அதன் கட்டைகள் தாமாகவே நடுங்கி ஒரு சத்தம் வந்தது. என்னைப் பாடச் சொல்லவில்லை, அவரே பாடினார். தெருவில் உச்சி வெயில். ராகி அரைக்க வந்த யாரோ மில் வாசலில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது அடி இழுத்துக்கொண்டு போகிற இடத்தில் அண்ணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாடி முடித்தும் அவர் தலையைத் தூக்கவில்லை. தீர்ப்புக்குக் காத்திருக்கிற கைதி மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு வயிற்றில் குழந்தை புரண்டது.

“ரெண்டாவது அடி ஒரே இழுவையா கெடக்குது” என்றாள் அண்ணி, சுவரைப் பார்த்துக்கொண்டே. “கால் வலிக்குதுன்னு சொல்றவன் அத்தனை தூரமா இழுப்பான்? உப்புப் பத்தலை.”

அவர் மூச்சு விட்டதை நான் கேட்டேன். அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. “அப்பிடியா? பாக்கறேன், பாக்கறேன்” என்று எழுந்து, வெந்நீர் வைக்க அடுப்படிக்கு ஓடினார். அந்த ஓட்டத்தில் ஒரு துள்ளல்கூட இருந்தது.

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் முழுக்க ஈரம்.

“குறை சொல்ல எப்பிடி எனக்கு வாய் வந்துச்சுன்னே தெரியலை டீச்சர். அந்த மாதிரி ஒண்ணு அவரு கட்டுனதே இல்லை. அந்த ரெண்டாவது அடிதான் உசுரு. நல்லா இருக்குன்னு சொன்னா அந்த மனுசன் பயத்துலயே செத்துப்போவாரு. நீ சொல்லிடாதே. நான் போனப்பறமும் சொல்லிடாதே. நல்லா இருக்குன்னு சொன்னதாலதான் போயிட்டான்னு நெனைச்சுக்குவாரு.”

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன்.

அதன்பிறகு தினமும் பகலில் மில் ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கூடையோ ஆளோ இருக்காது. கல் வெறுமனே சுற்றும். அப்படிச் சுற்றினால் கல் தேய்ந்துபோகும், அவருக்குத் தெரியாததில்லை. இவர் அந்த இரண்டாவது அடியை மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருப்பார். கால் வலிக்க நடந்து வந்தேன். கால் வலிக்க நடந்து வந்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் நான் காய் நறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு குறையும் இல்லாமல் இருந்த ஒரு அடியை ஒரு மனுஷன் இப்படிப் போட்டு உடைக்கிறானே என்று எனக்கு அழுகையாக வரும். போய்ச் சொல்லவும் முடியாது. சாகிற நேரம் என்று சாமியார் வந்து அண்ணிக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுத்த அன்றும் மில் ஓடியது.

அண்ணி மறுநாள் காலையில் இறந்தாள்.

அடக்கப் பூசையில் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லலாம் என்றார்கள், அவர் கேட்கவில்லை. அவரே வாசித்தார், நான் பாடினேன். இரண்டாவது அடியை அவர் புதிதாகச் சொல்லிக்கொடுத்த மாதிரியே பாடினேன். இழுவை போய்விட்டது. குட்டையாக வந்து, சட்டென்று நின்றது. நடந்து வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்ட மாதிரி. பழையதா புதியதா எது மேல் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கல்லறை வாசலில் வழக்கம்போல அவர் நின்றார். அன்றைக்கு யாரும் கிட்டே வரவில்லை. பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு நிற்கிறவரிடம் பாட்டு நன்றாக இல்லை என்று எப்படிச் சொல்வது? நன்றாக இருக்கிறது என்று சொல்லத் துணிவும் இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாரும் விலகிப் போனார்கள். வாராவாரம் ஏசுகிற உபதேசியார்கூட வாயைத் திறக்கவில்லை. பெங்களூரில் வேலையில் இருந்த அவர் மகன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றான். இவர் என்னிடம் வந்தார்.

“ரெண்டாவது அடி இழுவைன்னு சொன்னா. மாத்திட்டேன். கேக்காமலே போயிட்டா” என்றார். பிறகு கேட்டார். “இப்ப நல்லா இருக்கா டீச்சர்?”

நான் அறிந்தவரை, தன் பாட்டைப் பற்றி வெளியாளிடம் பதில் வேண்டி அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

பழைய அடியே உயிராக இருந்தது, அண்ணியே சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தன் பாட்டுதான் அவளைக் கொன்றது என்று அவர் நம்பிவிடுவார். இல்லை என்று சொன்னால், அவளுக்கு அவர் கடைசியாகச் செய்ததும் வீணாகிவிடும். மிச்சம் இருந்தது ஒரு பதில்தான். அதை என் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. படித்தவள் நான், இதையெல்லாம் நம்பாதவள். ஆனாலும் என் கை தானாகவே வயிற்றைப் பொத்திக்கொண்டது.

“நல்லா இருக்கு அண்ணா. ரொம்ப நல்லா இருக்கு” என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். “ஏம்மா சொன்னே” என்றார். அதுவரைக்கும் அழாமல் இருந்தவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். கர்நாடக எல்லையில் இருக்கிற ஜூஜுவாடிப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு லாரிக்கும் சாக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கும் தூக்கம் போய்விடும்.

மறுநாள் காலையில், மில் திறப்பதற்கு முன்னால், எங்கள் வாசலில் வந்து நின்று “டீச்சர்” என்று கூப்பிட்டார். உள்ளேயிருந்து “என்ன அண்ணா” என்றேன். “ஒண்ணுமில்லை” என்று போய்விட்டார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். எனக்கு விளங்க இரண்டு மூன்று நாள் பிடித்தது. நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க வருகிறார். வெளியே வந்து முகம்கூடக் காட்ட வேண்டாம். குரல் கேட்டால் போதும். மழையானாலும் வருவார். ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போவார். அப்புறம்தான் மில் ஓடும். அது ஓடினால், இன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கும் தைரியம் வரும்.

எனக்குக் கஷ்டமான பிரசவம். விடிந்து வெகுநேரம் கழித்துக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக் கிடந்தேன், கையைத் தூக்கக்கூட முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே “டீச்சர்” என்ற குரல் கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். எத்தனையோ பாட்டுகளை அந்தக் குரலில் கேட்டிருக்கிறேன். அப்படி நடுங்கிக் கேட்டதில்லை. மூன்றாம் தடவை கூப்பிட்டபோது பாதியிலேயே குரல் உடைந்தது.

இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து, “இருக்கேன் அண்ணா” என்றேன். “ரெண்டு பேரும் இருக்கோம்.”

ஒண்ணுமில்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சைக்கிள் கிளம்புகிற சத்தமும் கேட்கவில்லை. நான் தூங்கிப்போகிற வரைக்கும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.